கைப்பேசியும் வீட்டுப்பாடமும்

"சார் பாடம் அனுப்பியிருக்கார்னு பிள்ளை சொல்லுது, எப்படிங்க போன் குடுக்காம இருக்கிறது?" பெற்றோர் கூட்டத்தில் அடிக்கடி எழும் கேள்வி இது. இதற்கான விடை நம் வகுப்பறையில் இருக்கிறது.

எட்டாம் வகுப்பில் வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதி, நாட்குறிப்பில் குறிக்கச் செய்கிறேன். காணொலி பார்க்க வேண்டிய நாளில் மட்டும் அதில் சிவப்பு நட்சத்திரம் இடுகிறேன். எழுத்தறியாத தாயும் அதைப் பார்த்தே முடிவெடுக்கலாம்.

கூட்டத்தில் பெற்றோரிடம் வலியுறுத்துபவை மூன்று:

1. கைப்பேசியைத் திடீரெனப் பறிக்காமல், பயன்படுத்தும் நேரத்தை முன்பே பேசி முடிவு செய்யுங்கள்.
2. இரவு 9 மணிக்கு உங்கள் கைப்பேசியையும் சேர்த்து ஒரே இடத்தில் வையுங்கள்.
3. இணையத்தில் யாரேனும் மிரட்டியதாகப் பிள்ளை சொன்னால் திட்டாமல் கேளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, சைபர் குற்ற உதவி எண் 1930.

நாம் துணை நின்றால், வீட்டில் பெற்றோர் சொல் எடுபடும்.