பதிவு ஏன் பாதியில் நிற்கிறது? கணினியில் வீடியோ எடுப்போருக்கு ஒரு பாடம்



மக்தப் பிள்ளைகள் ஓதுவது, வீட்டிலிருந்தே டியூஷன் எடுக்கும் சகோதரிகளின் பாடம், நிக்காஹ் மஜ்லிஸ், வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு அனுப்ப வேண்டிய குடும்ப விசேஷம் என்று நம் பகுதியில் பலரும் லேப்டாப்பிலேயே வீடியோ பதிவு செய்கிறார்கள். இரண்டு மணி நேரம் எடுத்தோம் என்று நினைத்துத் திறந்து பார்த்தால் முக்கால் மணி நேரம்தான் இருக்கிறது. சில நேரம் ஃபைல் இருக்கிறது, ஆனால் எந்தச் செயலியிலும் ஓடுவதில்லை. கணினி வகுப்புக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது என்பதால் இந்த இதழில் அதையே பாடமாக எழுதுகிறேன்.

முதலில் என் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் நன்னா போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் பல வருடம் கணக்கு எழுதியவர். கம்பம்மெட்டு வழியாக மலையேறிப் போன நாட்கள், போடிக்கு மீட்டர்கேஜ் ரயில் ஓடிய காலம், எந்தக் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்து உத்தமபாளையத்தில் குடியேறியது என்பதெல்லாம் அவர் நினைவில்தான் இருந்தது, எழுதி வைத்தவர் யாருமில்லை. ஒரு நாள் லேப்டாப்பை எதிரே வைத்து, ஓ.பி.எஸ். ஸ்டுடியோ என்ற இலவசச் செயலியில் பதிவைத் தொடங்கினேன். தன் முகம் திரையில் தெரிந்தால் கூச்சப்படுவார் என்று செயலியை மினிமைஸ் செய்துவிட்டேன். லேப்டாப்பில் இடம் குறைவு என்பதால் புதிதாக வாங்கிய 32 ஜி.பி. பென்டிரைவில் சேமிக்கும்படி வைத்திருந்தேன். இரண்டேகால் மணி நேரம் பேசினார். பிறகு பார்த்தால் 4 ஜி.பி. அளவில் ஒரு ஃபைல் மட்டும் இருந்தது, அதுவும் திறக்கவில்லை. பென்டிரைவிலோ 25 ஜி.பி. காலியாக இருந்தது.

அடுத்த மாதம் நன்னா வஃபாத்தாகிவிட்டார்.

அந்த ஃபைலை மீட்க முடிந்த அளவு மீட்டோம். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அது ஏன் நின்றது என்று பார்ப்போம்.

பதிவு நின்ற விதமே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும். ஒவ்வொரு முறையும் ஒரே நிமிடத்தில் நின்றால் எங்கோ ஒரு கால வரம்பு இருக்கிறது. ஒரே அளவில், அதாவது 4 ஜி.பி.யில் நின்றால் சேமிக்கும் இடத்தில் கோளாறு. ஒருநாள் 20 நிமிடம், இன்னொரு நாள் 70 நிமிடம் என்று தாறுமாறாக நின்றால் சூடு, வயர், கரண்ட் ஆகிய மூன்றில் ஒன்று. ஆகவே நின்றதும் அவசரப்பட்டு மறுபடி ரெக்கார்ட் பட்டனை அழுத்தாமல், ஃபைல் எத்தனை நிமிடம், எத்தனை ஜி.பி. என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

என் விஷயத்தில் குறி வைத்தது போல 4 ஜி.பி. கடையில் வாங்கும் 32 ஜி.பி. வரையிலான பென்டிரைவ்களும் மெமரி கார்டுகளும் பெரும்பாலும் ஃபேட்32 என்ற முறையில் அமைக்கப்பட்டு வருகின்றன. அந்த முறையில் தனி ஒரு ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. டிரைவில் எவ்வளவு இடம் மிச்சமிருந்தாலும் சரி, அந்த அளவு வந்ததும் எழுதுவது நின்றுவிடும். வீடியோ கேமராக்கள் இதை அறிந்து தாமாகவே ஃபைலைத் துண்டு துண்டாக்கிக்கொள்ளும். கணினிச் செயலிக்கு அப்படிச் சொல்லி வைக்காவிட்டால் அது முட்டிக்கொண்டு நிற்கும்.

எவ்வளவு நேரத்தில் முட்டும் என்று கணக்குப் போடலாம். பதிவின் பிட்ரேட் 6000 கே.பி.பி.எஸ். என்றால் எட்டால் வகுக்க வேண்டும். விநாடிக்கு 750 கிலோபைட், நிமிடத்துக்கு 45 எம்.பி., மணிக்கு 2.7 ஜி.பி. இந்த வேகத்தில் ஒன்றரை மணி நேரம் தாண்டிய சில நிமிடங்களில் 4 ஜி.பி. நிறைந்துவிடும். நன்னாவின் பேச்சு அங்கேதான் அறுந்தது. பிட்ரேட் 2500 என்று வைத்திருந்தால் மணிக்கு ஒரு ஜி.பி.யைச் சற்றே தாண்டும், ஆகவே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கும். உட்கார்ந்து பேசும் ஒருவரை எடுக்க 2500 போதும். அதிகம் வைத்தால் தரம் கூடும் என்று நினைத்தது என் தவறு.

உங்கள் டிரைவ் எந்த முறையில் இருக்கிறது என்று பார்க்க, அதன் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் திறந்தால் ஃபைல் சிஸ்டம் என்ற வரியில் இருக்கும். ஃபேட்32 என்றிருந்தால், உள்ளே இருப்பதை வேறு இடத்தில் காப்பி செய்துவிட்டு, ஃபார்மட் கொடுக்கும்போது எக்ஸ்ஃபேட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும், நினைவிருக்கட்டும். பழைய டிவிகள் சில எக்ஸ்ஃபேட் பென்டிரைவைப் படிக்காது, அதையும் மனதில் வையுங்கள். எப்படியானாலும் பென்டிரைவில் நேரடியாகப் பதிவு செய்யாதீர்கள் என்பதே என் யோசனை. கணினியின் உள் டிஸ்கில் எடுத்து, முடிந்தபின் காப்பி செய்வதே நல்லது. உள் டிஸ்கிலும் இடம் தீர்ந்தால் பதிவு நிற்கும். மேலே போட்ட கணக்கைப் போல் இரு மடங்கு இடம் காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

இனி, இருந்த 4 ஜி.பி.யும் ஏன் திறக்கவில்லை? எம்.பி.4 ஃபைல் ஒரு புத்தகம் போன்றது என்றால், எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்று சொல்லும் பொருளடக்கம் வழக்கமாகப் பதிவை முடிக்கும்போதுதான் எழுதப்படும். நாம் ஸ்டாப் அழுத்துவதற்குள் கரண்ட் போனாலோ, இடம் தீர்ந்தாலோ, பக்கங்கள் எல்லாம் இருக்கும், பொருளடக்கம் இருக்காது. பிளேயருக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியாது. எம்.கே.வி. என்ற வகை அப்படியல்ல. அது போகிற போக்கில் எழுதிக்கொண்டே போவதால், நடுவில் நின்றாலும் நின்ற இடம் வரை ஓடும். ஓ.பி.எஸ்.ஸில் செட்டிங்ஸ், அவுட்புட் பகுதிக்குப் போய் ரெக்கார்டிங் ஃபார்மட்டை எம்.கே.வி. என்று வையுங்கள். பிறகு ஃபைல் மெனுவில் ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ் கொடுத்தால் தரம் குறையாமல் சில நொடிகளில் எம்.பி.4 ஆக மாறிவிடும். 2024ல் வந்த 30.2 பதிப்பு முதல் ஹைப்ரிட் எம்.பி.4 என்ற வகையும் இருக்கிறது, அதுவும் நடுவில் அறுந்தாலும் தாங்கும். அட்வான்ஸ்டு முறையில் வைத்தால், அரை மணிக்கு ஒரு ஃபைலாகத் தானே பிரித்துக்கொள்ளும் வசதியும் உண்டு. ஒரு துண்டு கெட்டாலும் மற்றவை தப்பும்.

ஏற்கெனவே கெட்டுப்போன எம்.பி.4 உங்களிடம் இருந்தால் அழிக்க வேண்டாம். அந்த டிரைவில் புதிதாக எதையும் எழுதவும் வேண்டாம். முதலில் ஒரு காப்பி எடுங்கள். அன்ட்ரங்க் என்ற இலவசக் கருவி இருக்கிறது. அதே கணினியில், அதே செட்டிங்கில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை அதற்கு மாதிரியாகக் கொடுத்தால், அதைப் பார்த்துக் கெட்ட ஃபைலுக்குப் பொருளடக்கம் எழுதப் பார்க்கும். நன்னாவின் பதிவை அப்படித்தான் மீட்டோம். ஒன்றரை மணி நேரம் கிடைத்தது. மிச்சம் முக்கால் மணி நேரம் எங்கும் எழுதப்படவே இல்லை, அதை எந்தக் கருவியாலும் கொண்டுவர முடியாது. அவருடைய உம்மா பிறந்த ஊரைப் பற்றி அப்போதுதான் பேசத் தொடங்கியிருந்தார்.

அடுத்து, ஒரே நிமிடத்தில் நிற்கும் வகை. இதில் பெரும்பாலும் யாரோ வைத்த வரம்புதான் இருக்கும். விண்டோஸில் இருக்கும் கேம் பாரில் பதிவு 2 மணி நேரத்தில் நிற்கும்படி வைக்கப்பட்டிருக்கும். செட்டிங்ஸில் கேமிங், கேப்சர்ஸ் என்று போனால் 4 மணி நேரம் வரை கூட்டலாம். பேண்டிகேமின் இலவசப் பதிப்பு ஒரு வீடியோவை 10 நிமிடத்தோடு முடித்துவிடும். இலவச ஜூமில் கூட்டமே 40 நிமிடத்தில் முடிந்துவிடுவதால் பதிவும் முடியும். ஜூமில் இன்னொன்று: கூட்டம் முடிந்தபின் பதிவை எம்.பி.4 ஆக மாற்ற அதற்குச் சற்று நேரம் வேண்டும். அதற்குள் லேப்டாப்பை மூடிவிட்டால் வீடியோ இல்லை என்று தோன்றும். டாக்குமென்ட்ஸில் இருக்கும் ஜூம் ஃபோல்டரில், டபுள் கிளிக் டு கன்வர்ட் என்று பெயர் தொடங்கும் ஃபைல் கிடக்கிறதா என்று பாருங்கள். அதை இருமுறை கிளிக் செய்தால் மாற்றும் வேலை மறுபடி தொடங்கும்.

ஸ்டில் கேமராக்கள் சில 29 நிமிடம் 59 விநாடியில் நிற்பது பழுதல்ல. அரை மணி நேரமும் அதற்கு மேலும் எடுப்பவை முன்பு ஐரோப்பாவில் வீடியோ கேமரா என்று கணக்காகி, கூடுதல் சுங்க வரிக்கு உள்ளாகின என்பதால் கம்பெனிகள் வைத்த வரம்பு அது. அன்றைய ஐரோப்பிய வரிக்குப் பயந்து வைத்த வரம்பால் கம்பத்துக் கல்யாணத்தில் கேமரா நிற்கிறது!

தாறுமாறாக நிற்பதற்கு வருவோம். வீடியோவைச் சுருக்கி எழுதுவது கணினிக்குக் கடுமையான வேலை. பிராசஸர் சூடேறும்போது முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதுவும் போதாவிட்டால் கணினியே அணைந்துவிடும். மெத்தையிலோ போர்வை மேலோ லேப்டாப்பை வைத்தால் காற்று போகும் துளை அடைபடும். நம் பள்ளத்தாக்கில் ஆடிக் காற்றில் வரும் புழுதி மின்விசிறியில் அப்பிக்கொள்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெயில் ஊர்களுக்கு மட்டும்தான் இந்தக் கவலை என்று நினைக்க வேண்டாம். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குப்பதிவு முடிந்து, இயந்திரங்களைப் பூட்டி வைத்திருந்த உதகை ஸ்ட்ராங் ரூமில், ஏப்ரல் இறுதியில் சி.சி.டி.வி. காட்சிகள் சுமார் 20 நிமிடம் தெரியாமல் போய் மாநிலம் முழுக்கப் பேச்சானது. அதிக வெப்பமே காரணம் என்று மாவட்ட நிர்வாகம் விளக்கம் தந்தது. ஊட்டியிலேயே அப்படி என்றால் தேனியில் மே மாதம் எப்படி இருக்கும்? லேப்டாப்பை மேசையில் வையுங்கள், தேவையில்லாத பிரவுசர் டேப்களை மூடுங்கள், 1080க்குப் பதில் 720 தரத்தில் எடுங்கள். ஓ.பி.எஸ்.ஸில் எங்கோடர் என்ற இடத்தில் ஹார்டுவேர் வகை காட்டினால் அதைத் தேர்ந்தெடுங்கள், பிராசஸரின் சுமை இறங்கும்.

கரண்ட் விஷயம் எல்லோருக்கும் தெரியும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பைப் பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் போன நொடியில் டெஸ்க்டாப் ரீஸ்டார்ட் ஆகிறது என்று பலர் சொல்கிறார்கள். பல இன்வெர்ட்டர்களில் யு.பி.எஸ்., ஈகோ என்று இரண்டு நிலை உள்ள சிறு சுவிட்ச் இருக்கும். ஈகோவில் இருந்தால் மாறுவதற்குச் சற்று நேரமாகும், மின்விசிறிக்கு அது பரவாயில்லை, கணினி தாங்காது. யு.பி.எஸ். பக்கம் தள்ளிப் பாருங்கள். அதிலும் சரியாகாவிட்டால் கணினிக்கென்று தனி யு.பி.எஸ். வேண்டும்.

லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறதே என்றும் இருந்துவிடாதீர்கள். சார்ஜர் பிளக் தளர்ந்திருந்தால் யாரும் கவனிக்காமல் பேட்டரி இறங்கி, கணினி தூங்கிவிடும். மூடியைப் பாதி சாய்த்தாலும் சிலவற்றில் அதே கதி. வெளியே பொருத்தும் வெப்கேமும் மைக்கும் திடீரென்று விட்டுப்போனால், டிவைஸ் மேனேஜரில் யு.எஸ்.பி. ரூட் ஹப் ஒவ்வொன்றிலும் பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய், மின்சாரத்தை மிச்சப்படுத்த இதை அணைக்கலாம் என்ற பொருளில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். வெப்கேமையும் ஹார்டு டிஸ்கையும் ஒரே மலிவு ஹப்பில் மாட்டாதீர்கள். பழைய 2.0 துளை தருவது 500 மில்லியாம்ப்தான், அதை இரண்டும் பங்கு போட்டால் ஒன்று விழும்.

ஆன்டிவைரஸ் ஃபோல்டரைப் பூட்டிவைப்பது, விண்டோஸ் அப்டேட் நடுவில் ரீஸ்டார்ட் கேட்பது ஆகியவையும் உண்டு. முன்னதாகவே அப்டேட்டை ஒரு வாரம் நிறுத்தி வையுங்கள்.

காரணம் பிடிபடவே இல்லை என்றால் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸில் சிஸ்டம் பகுதியில், பதிவு நின்ற நேரத்துக்குப் போங்கள். கெர்னல்-பவர் 41 என்றிருந்தால் கணினி முறைப்படி நிறுத்தப்படாமல் திடீரென்று அணைந்திருக்கிறது, கரண்டையும் சூட்டையும் பாருங்கள். 42 என்றிருந்தால் அது தூங்கப் போயிருக்கிறது, பவர் செட்டிங்கைப் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் கணினி நன்றாகவே ஓடியிருக்கிறது, செயலிதான் நின்றிருக்கிறது. ஓ.பி.எஸ்.ஸில் ஹெல்ப், லாக் ஃபைல்ஸ் என்று போய்க் கடைசி வரிகளைப் படித்தால் பெரும்பாலும் காரணம் எழுதியிருக்கும்.

வீட்டுப் பெரியவர்களைப் பதிவு செய்ய உட்காரும் முன் பத்து நிமிடம் சும்மா ஒரு பதிவு எடுத்து, நிறுத்தி, திறந்து, சத்தம் வருகிறதா என்று ஹெட்போனில் கேளுங்கள். பதிவு ஓடும்போது செயலியை மினிமைஸ் செய்யாமல், நேரம் ஓடுவது உங்கள் கண்ணில் படும்படி ஓரமாக வையுங்கள். பக்கத்தில் ஒரு செல்போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, குரலை மட்டும் தனியாகப் பதிவு செய்யுங்கள். ஒரு மணி நேரக் குரல் சுமார் 60 எம்.பி.க்குள் அடங்கிவிடும்.