இரைச்சலிலும் கேட்கும் கிற்றார்

(மேல் வகுப்பு மாணவர்க்கும் பெற்றோருக்குமான ஒலியியற் பாடம்)



கடந்த ஆண்டு எமது பாடசாலை நூலகத்துக்கு நூல்கள் வாங்கப் பொருள் திரட்டும் நோக்குடன், மேல் வகுப்பு மாணவர் சிலர் ஒரு ஞாயிறு பிற்பகல் நகரின் சந்தைக் கட்டடத்திற் பாடினர். அங்கு ஒலிபெருக்கி வைக்க அனுமதி இல்லை. பாடியோரின் குரல் ஓரளவு கேட்டது. ஆனால் அவர்களுடன் கிற்றார் வாசித்த மாணவியின் இசை நான்கு அடி தூரத்திற்கூடக் கேட்கவில்லை. வீடு திரும்பும் வேளையில் அம்மாணவி, “சேர், நான் வாசிச்சது எனக்கே கேக்கேல்லை” என்று சொல்லிக் கருவியை உறையிலிட்டு மூடினார். அதன்பின் இரண்டு மாதங்களாக அவர் அதனைத் தொடவேயில்லை என்று தாயார் எம்மிடம் வருந்திக் கூறினார்.

பிழை மாணவியினுடையதன்று, எம்முடையது. கருவி வாங்குமுன் அவரின் தந்தையார் எம்மிடம் ஆலோசனை கேட்டிருந்தார். ஊரிலே எட்டு ஆண்டுகள் பௌதிகவியல் கற்பித்த நாம், சற்றும் சிந்தியாது, “எல்லாக் கிற்றாரும் ஒன்றுதான், பிள்ளையின் கைக்கு அடக்கமானதாக எடுங்கள்” என்று சொல்லிவிட்டோம். அவர் இரவு வேலை செய்து சேர்த்த பணத்தில், மெல்லிய உடலும் மின்னிணைப்பு வசதியும் உடைய கருவி ஒன்றை வாங்கினார். மின்னிணைப்பு இல்லாத இடத்தில் அது ஊமையாயிற்று. அன்று சொல்லத் தவறியதை இன்று பாடமாக எழுதுகின்றோம்.

1. நரம்பு தனியே பாடாது

இசைக்கவை ஒன்றை இறப்பர்க் கட்டையில் தட்டிக் கையிற் பிடியுங்கள். அதன் ஒலி காதருகே கொண்டு சென்றாலன்றிக் கேளாது. அதன் காம்பை மேசைப் பலகையில் ஊன்றுங்கள். வகுப்பு முழுவதற்கும் கேட்கும். கவையின் வலு கூடிவிடவில்லை. மெலிந்த கவையால் அசைக்க முடியாத காற்றை, அகன்ற பலகை அசைக்கின்றது. இன்னொன்றையும் கவனியுங்கள்: மேசையில் ஊன்றிய கவை, கையிற் பிடித்த கவையிலும் விரைவில் ஓய்ந்துவிடும். சக்தி புதிதாகத் தோன்றுவதில்லை. உரத்து ஒலிப்பது தன் சேமிப்பை விரைவிற் செலவிடுகின்றது.

கிற்றாரும் இவ்வாறே தொழிற்படுகின்றது. ஈர்த்த இழை அதிர, அவ்வதிர்வு குதிரை வழியாக மேற்பலகைக்குச் செல்லும். மேற்பலகை காற்றை அசைக்கும். பெட்டிக்குள் அடைபட்ட காற்றும் துவாரத்தின் வழியே அசைந்து, செக்கனுக்கு ஏறத்தாழ 100 அதிர்வுகள் என்ற அளவில் பரிவுறும். இதுவே தாழ்ந்த சுரங்களுக்குத் துணை. ஆகவே மேற்பலகை இலேசானதாகவும் அதேவேளை இழைகளின் இழுவையைத் தாங்கும் உறுதி உடையதாகவும் இருத்தல் வேண்டும். உருக்கு இழைகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ எடைக்கு ஒப்பான இழுவையைத் தருவன. பலகையைத் தடிப்பாக்கினால் உறுதி கூடும், ஒலி குன்றும். மெலிதாக்கினால் ஒலி கூடும். பலகை வளைந்து போகும். கிற்றார் செய்வோரின் கலை முழுவதும் இவ்விரண்டுக்கும் இடையிலேதான் உள்ளது.

2. உரத்தல் வேறு, கேட்டல் வேறு

இடம்பெயர்ந்தோர் முகாமில் நாம் தகரக் கொட்டிலிற் படிப்பித்த காலம் உண்டு. மாரி மழை தகரத்தில் விழும்போது, தொண்டை கிழியக் கத்தினாலும் மூன்றாம் வரிசைப் பிள்ளைக்குக் கேளாது. சில நாட்களில் நாம் கண்டுகொண்ட வழி வேறு. பிள்ளைகளை அரைவட்டமாக நெருங்கி இருக்கச் செய்தோம். வாக்கியங்களைச் சுருக்கினோம். குரலை உரப்பாமல் சற்று உயர்த்தி, ஒவ்வொரு சொல்லுக்கும் இடைவெளி விட்டோம். மழை ஓயவில்லை, பாடம் நடந்தது.

இதற்குப் பௌதிகவியற் காரணம் உண்டு. வண்டிகளின் உறுமல், கூட்டத்தின் பேச்சு ஆகியவற்றின் சக்தி பெரும்பாலும் தாழ்ந்த, நடுத்தர மீடிறன்களிலேயே திரண்டிருக்கும். மனிதச் செவியோ செக்கனுக்கு 2000 முதல் 5000 வரையான அதிர்வுகளையே மிகக் கூர்மையாக உணரும். கிற்றாரின் மிகத் தாழ்ந்த இழை 82 அதிர்வுகளையும் மிக உயர்ந்த இழை 330 அதிர்வுகளையும் அடிப்படையாகக் கொண்டவை. ஆயினும் ஒவ்வோர் இழையும் அவற்றின் மடங்குகளான மேற்சுரங்களையும் உடன் எழுப்பும். அம்மேற்சுரங்கள் தெளிவாக வெளிவரும் கருவியே சந்தடியைத் துளைத்துச் செல்லும். வீட்டு அறையில் ஆழமாகவும் இனிமையாகவும் முழங்கிய கருவி, சந்தையில் மறைந்து போவதன் இரகசியம் இதுவே.

தூரமும் ஒரு பகைவன். திறந்த வெளியில் தூரம் இருமடங்கானால் ஒலிச்செறிவு நாலில் ஒன்றாகும். அதாவது 6 டெசிபெல் குறையும். ஒரே வகையான இரண்டு கிற்றார்களைச் சேர்த்து வாசித்தாலும் கிடைப்பது 3 டெசிபெல் மட்டுமே. எனவே எண்ணிக்கையைக் கூட்டுவதிலும் கேட்போரை அருகே அழைப்பது மேலானது.

3. முன்னோர் கண்ட நான்கு வழிகள்

ஒலிபெருக்கி பரவாத காலத்தில், பித்தளைக் குழல்களும் முரசுகளும் முழங்கிய அமெரிக்க நடன மண்டபங்களில் கிற்றார் கலைஞர் இதே இடரை எதிர்கொண்டனர். அவர்களுக்காகக் கருவி செய்வோர் நான்கு வழிகளை ஆராய்ந்தனர்.

முதலாவது வழி, பெட்டியைப் பெரிதாக்குதல். 1833 இல் ஜேர்மனியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய மார்ட்டினின் பெயரால் விளங்கும் நிறுவனம், 1916 இல் டிற்சன் என்னும் வணிக நிறுவனத்துக்காக அகன்ற இடையும் ஆழ்ந்த பெட்டியும் உடைய கிற்றாரைச் செய்தது. 1906 இல் நீரில் இறக்கப்பட்ட பிரித்தானியப் போர்க்கப்பலின் பெயரால் அது ‘டிரெட்நோட்’ எனப்பட்டது; ‘எதற்கும் அஞ்சாதது’ என்பது பொருள். 1931 முதல் மார்ட்டின் தன் சொந்தப் பெயரிலேயே இவ்வடிவத்தை விற்றது. இன்று கடைகளில் மிகுதியாகக் காணப்படும் வடிவம் இதுவே. 1937 இல் கிப்சன் நிறுவனம் இதனிலும் அகன்ற ‘சூப்பர் ஜம்போ’ வடிவத்தை ஆக்கியது.

இரண்டாவது வழி, மரப்பலகைக்குப் பதிலாக உலோகக் கூம்பு. மேடைக் கலைஞர் ஜோர்ஜ் பீச்சம் உரத்த கருவி வேண்டுமென்று கேட்க, இன்றைய சிலோவாக்கியாவிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஜோன் டோப்யேரா, மெல்லிய அலுமினியக் கூம்புகள் மூன்றை உலோகப் பெட்டிக்குள் அமைத்தார். 1927 இல் நஷனல் நிறுவனம் இதனை வெளியிட்டது. ஒலி கூர்மையானது, உரத்தது. ஆனால் கருவி கனமானது. பின்னர் இதே பீச்சம்தான் மின்கிற்றாரின் முன்னோடிகளுள் ஒருவராகவும் விளங்கினார்.

மூன்றாவது வழி, வயலின் போல வளைந்த மேற்பலகை. 1922 இல் வந்த கிப்சன் எல்-5 இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இவ்வகைக் கருவியின் ஒலி நீடிப்பதில்லை. வெட்டினாற்போல எழுந்து ஓய்ந்துவிடும். கவுண்ட் பேசியின் இசைக்குழுவில் 1937 முதல் 1987 வரை வாசித்த பிரெடி கிறீன், பித்தளைக் குழல்களின் நடுவே இவ்வகைக் கருவியால் தாளத்தைக் காத்தார். தாளத்துக்கு ஓர் அடி வீதம், குறைந்த சுரங்களையே அவர் வாசித்தார்.

நான்காவது வழி, இலேசான பலகையும் கூர்மையான ஒலியும். இத்தாலியரான மக்காபெரி வடிவமைத்த கிற்றாரைப் பாரிசின் செல்மர் நிறுவனம் 1932 இல் வெளியிட்டது. தீ விபத்தில் இடக்கை விரல்கள் இரண்டு செயலிழந்த ஜாங்கோ ரைன்ஹார்ட் இவ்வகைக் கருவியாலேயே புகழ்பெற்றார். 1934 இல் தோன்றிய அவரது ஐவர் குழுவில் முரசு கிடையாது. மூன்று கிற்றார்கள், ஒரு வயலின், ஒரு பெருவயலின் மட்டுமே இருந்தன.

இவர்களுட் பலர் நாடுவிட்டு நாடு வந்தோர் என்பதை மாணவர் மனத்திற் கொள்ளுதல் நன்று. புதிய இடத்தின் இரைச்சலிலே தம் ஒலி கேட்க வேண்டுமென உழைத்தோர் அவர்கள்.

4. கடையிற் பார்க்க வேண்டியவை

அ) மேற்பலகை ஒட்டுப்பலகையா, ஒரே மரமா என நோக்குங்கள். ஒலித் துவாரத்தின் விளிம்பில் மரத்தின் கோடுகள் மேலிருந்து கீழ்வரை தொடர்ந்து சென்றால் பெரும்பாலும் அது ஒரே மரம். ஸ்புறூஸ் மரப்பலகை பலமாக வாசிக்கும்போதும் தெளிவு குன்றாது. பணம் குறைவாயின் மேற்பலகைக்கே முதன்மை கொடுங்கள்; பக்கமும் பின்புறமும் அடுத்தபடியே.

ஆ) மெல்லிய உடலுடைய மின்னிணைப்புக் கருவியை, ஒலிபெருக்கி இல்லாத இடத்துக்கென வாங்காதீர்கள். எமது பிழை இதுவே.

இ) நீங்கள் வாசித்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். கிற்றாரின் ஒலி பெரிதும் முன்னோக்கிச் செல்வது. வாசிப்பவர் கேட்பதும் கேட்போர் கேட்பதும் ஒன்றல்ல. வேறொருவரை வாசிக்கச் சொல்லி, எட்டுப் பத்து மீற்றர் தள்ளி நின்று கேளுங்கள். இயலுமாயின் தெருச் சத்தம் வரும் கதவருகே நில்லுங்கள்.

ஈ) முதலில் மெதுவாகவும் பின்னர் படிப்படியாகப் பலமாகவும் வாசிக்கச் செய்யுங்கள். நல்ல கருவி கை பலக்கும்தோறும் ஒலியைக் கூட்டித் தரும். மற்றையது ஓரளவின் மேல் ஒலியைக் கூட்டாது இரைச்சலை மட்டுமே கூட்டும்.

உ) இழைகள் கழுத்துக்கு மிக அண்மையில் தாழ்ந்திருந்தால் பலமாக வாசிக்கும்போது மெட்டுக்கட்டைகளில் மோதி அதிரும். பன்னிரண்டாம் கட்டையில் தடித்த இழைக்குக் கீழே ஏறத்தாழ 2.5 மில்லிமீற்றர் இடைவெளி இருத்தல் நன்று. இதிலும் உயர்ந்தால் பிள்ளைகளின் விரல் நோகும்.

ஊ) நைலோன் இழைக்கெனச் செய்த கிற்றாரில் உருக்கு இழைகளை ஒருபோதும் பூட்டாதீர்கள். அதன் பலகை தாங்கும் இழுவை ஏறத்தாழ 40 கிலோ அளவினதே. குதிரை பெயர்ந்துவிடும்.

எ) பிள்ளையின் தோளும் கையும் பெட்டியைச் சுற்றி எட்ட வேண்டும். டிரெட்நோட் சிறுவருக்குப் பெரிது. அணைக்க முடியாத கருவி எவ்வளவு உரத்ததாயினும் பயனில்லை.

5. செலவில்லா வழிகள்

புதிய இழைகள் பழைய இழைகளிலும் தெளிவாக ஒலிப்பன. நிகழ்ச்சிக்குச் சில நாட்கள் முன்னரே மாற்றுங்கள். 1 மில்லிமீற்றர் அளவு தடித்த மீட்டுகருவி, மெல்லியதிலும் கூடிய சக்தியை இழைக்குக் கொடுக்கும். குதிரைக்குச் சற்று அண்மையில் மீட்டினால் மேற்சுரங்கள் கூடும். கருவியின் பின்புறத்தை வயிற்றோடு அழுத்தாதீர்கள். அதுவும் அதிர வேண்டும். கற்சுவர் ஒன்றுக்கு முன்னே நின்றால் பின்னோக்கிய ஒலியும் கேட்போரிடம் திரும்பும். இருவர் வாசிப்பதாயின், ஒருவர் கழுத்திற் கவ்வியைப் பூட்டி உயர்ந்த நிலையில் வாசிக்கட்டும். ஒருவர் ஒலியை மற்றவர் மறையார். எல்லாவற்றுக்கும் மேலாக, பாடுவோர் பாடும் இடத்திற் குறைத்து, அவர் மூச்சு விடும் இடத்தில் நிறைத்து வாசியுங்கள்.

நிறைவாக

அம்மாணவியின் தந்தையாருடன் இம்முறை நாமும் சென்றோம். மெல்லிய கருவியை விற்றுவிட்டு, சிறிது பணம் சேர்த்து, ஒருவர் பாவித்த டிரெட்நோட் கிற்றாரை வாங்கினோம். அதன் பக்கத்தில் நீண்ட கீறல் ஒன்று உண்டு, மேற்பலகை பழுதற்றது. கடையின் ஒரு மூலையில் மாணவி வாசிக்க, தந்தையார் வாசலிலே, பேருந்துகள் செல்லும் தெருவோரமாக நின்றார். சிறிது நேரத்தின் பின் அவர் கையை உயர்த்திக் காட்டினார். மாணவி வாசிப்பதை நிறுத்தாமலே சிரித்தார்.

இவ்வாண்டுச் சந்தை நிகழ்ச்சியில் அவர் மீண்டும் வாசிக்கவிருக்கின்றார். பெற்றோர்கள் வந்து, பத்து மீற்றர் தள்ளி நின்று கேட்டுச் சொல்லுமாறு வேண்டுகின்றோம்.

பயிற்சி

1. இசைக்கவையை மேசையில் ஊன்றியும் ஊன்றாமலும் ஒலி நீடிக்கும் நேரத்தைச் செக்கன்களில் அளந்து அட்டவணைப்படுத்துக. வேறுபாட்டுக்குக் காரணம் கூறுக.

2. திறந்த வெளியில் 2 மீற்றர் தூரத்திற் கேட்கும் கிற்றாரின் ஒலிச்செறிவு, 8 மீற்றர் தூரத்தில் எத்தனையில் ஒரு பங்காகும்?

3. கோவில் வீதியில் நாதசுரமும் தவிலும் ஒலிக்க, வீணை மண்டபத்தினுள்ளே வாசிக்கப்படுவது ஏன்? இப்பாடத்திற் கற்றவற்றைக் கொண்டு விளக்குக.

4. உமது வீட்டில் இரைச்சல் மிகுந்த இடம் எது? அவ்விடத்தில் உமது பேத்தியாருக்குக் கேட்கும்படி பேச எவ்வழியைக் கையாள்வீர்? ஐந்து வாக்கியங்களில் எழுதுக.