இணையம் எந்த இடத்தில் நின்றது?

பதினோராம் வகுப்புக் கணினி அறிவியலில் உபுண்டு பாடமாக வருகிறது. எங்கள் ஆய்வகக் கணினிகளில் இருப்பது விண்டோஸ். அதைத் தொடாமல் லினக்ஸைக் கற்பிக்க, விர்ச்சுவல் பாக்ஸ் என்ற மென்பொருளை நிறுவி அதற்குள் உபுண்டுவை இயக்குகிறேன். ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி ஓடுகிறது. உள்ளே ஓடுவதை மெய்நிகர் கணினி என்போம். அதைத் தாங்கும் உண்மையான கணினியை இக்கட்டுரையில் தாய்க் கணினி என்று குறிப்பிடுகிறேன்.

இந்த ஏற்பாட்டில் மாணவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் ஒன்றுதான். “டீச்சர், விண்டோஸ்ல நெட் வருது, உபுண்டுல வரல.” அடுத்த கேள்வியும் உடனே வந்துவிடும். “அழிச்சிட்டுப் புதுசா போட்டுடலாமா?”

அழிப்பது எளிது. ஆனால் அந்த மெய்நிகர் கணினிக்குள்தான் ஜூன் மாதம் முதல் அந்தக் குழு எழுதிய சி பிளஸ் பிளஸ் நிரல்கள் எல்லாம் இருக்கின்றன. வீட்டில் கணினி இல்லாத மாணவிக்கு அவள் உழைப்பு இருக்கும் ஒரே இடம் அது. அதனால் இந்தக் கோளாறையே ஒரு பாடமாக வைத்துக்கொண்டேன். வகுப்புக்கு ஒரே ஒரு விதி: எந்த இடத்தில் நின்றது என்று தெரியும்வரை எந்த அமைப்பையும் மாற்றக் கூடாது.

தகவல் மெய்நிகர் கணினியிலிருந்து புறப்பட்டு, விர்ச்சுவல் பாக்ஸைக் கடந்து, தாய்க் கணினி வழியாக ரூட்டருக்குப் போய், அதன் பிறகே வெளியுலகுக்குச் செல்கிறது. முதலில் தாய்க் கணினியில் இணையம் இருப்பதை உறுதி செய்துகொள்கிறோம். பிறகு உள்ளிருந்து தொடங்கி ஒவ்வோர் அடியாக வெளியே நகர்கிறோம். மொத்தம் ஆறு கேள்விகள். கீழே வரும் கட்டளைகளை டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்.

1. தாய்க் கணினியில் இணையம் வருகிறதா?

இதுவரை திறக்காத ஓர் இணையப் பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். முன்பே பார்த்த பக்கம் உலாவியின் சேமிப்பிலிருந்து வந்து நம்மை ஏமாற்றக்கூடும்.

2. கம்பி செருகியிருக்கிறதா?

மெய்நிகர் கணினிக்கும் ஒரு கற்பனைக் கம்பி உண்டு. விர்ச்சுவல் பாக்ஸின் நெட்வொர்க் அமைப்புகளில் மூன்றைப் பார்க்க வேண்டும். அடாப்டர் இயக்கத்தில் இருக்கிறதா, அது ‘நாட்’ முறையில் இணைந்திருக்கிறதா, ‘கேபிள் கனெக்டட்’ என்ற கட்டத்தில் குறி இருக்கிறதா? அந்தக் குறி இல்லையென்றால் கம்பியைப் பிடுங்கியதற்குச் சமம்.

3. முகவரி கிடைத்ததா?

‘ஐபி’ என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, ‘ஏ’ என்ற எழுத்தை இட்டால் முகவரி தெரியும். நாட் முறையில் வழக்கமாக 10.0.2.15 என்று காட்டும். 127.0.0.1 மட்டும் தெரிந்தால், அது கணினி தன்னையே அழைத்துக்கொள்ளும் முகவரி. வெளியே போக உதவாது. அப்போது உபுண்டுவின் மேல்பட்டையில் கம்பி இணைப்பை அணைத்து மீண்டும் போட்டால், டிஎச்சிபி என்ற முறையில் முகவரி திரும்பக் கேட்கப்படும்.

இந்த இடத்தில் என் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: “எல்லார் கம்ப்யூட்டர்லயும் அதே 10.0.2.15 தான் காட்டுது. சண்டை வராதா டீச்சர்?” அருமையான கேள்வி. ஊரில் எல்லாத் தெருவிலும் 15ஆம் எண் வீடு இருக்கலாம். ஒவ்வொரு மெய்நிகர் கணினியும் தனக்கென ஒரு தனித் தெருவில் இருக்கிறது. தெரு முனையில் நிற்கும் விர்ச்சுவல் பாக்ஸ், வெளியே போகும் கடிதங்களில் தாய்க் கணினியின் முகவரியை எழுதி அனுப்புகிறது. பதில் வந்ததும் உரியவரிடம் சேர்க்கிறது. நாட் என்பதன் பொருள் இதுதான்.

4. தெரு முனை வரை போகிறதா?

‘ஐபி’, இடைவெளி, ‘ஆர்’ என்று இட்டால் வெளியேறும் வாசல் எது என்று தெரியும். நாட் முறையில் வழக்கமாக அது 10.0.2.2. ‘பிங்’ என்று எழுதி, இடைவெளி விட்டு அந்த எண்ணை இட்டால் பதில் வருகிறதா என்று பார்க்கலாம். விண்டோஸில் பிங் நான்கு முறை கேட்டு நின்றுவிடும். லினக்ஸில் நாம் நிறுத்தும்வரை ஓடும். கன்ட்ரோல் விசையுடன் ‘சி’யை அழுத்தினால் நிற்கும்.

பிங் நிரலை 1983 டிசம்பரில் அமெரிக்கரான மைக் மூஸ் எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல்களில் சோனார் எழுப்பும் ஒலியை வைத்தே அதற்குப் பெயரிட்டார். ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருப்பது போலத்தான் பிங்கும். இயற்பியல் ஆசிரியர் எதிரொலி நடத்தும் வாரத்தில் இதைச் சொன்னால் இரண்டு பாடமும் மனத்தில் நிற்கும்.

5. வெளியே போகிறதா?

8.8.8.8 என்பது கூகுள் நடத்தும் பொது டிஎன்எஸ் சேவையின் முகவரி. அதற்கு பிங் அனுப்பிப் பதில் வந்தால் வெளியுலகம் வரை பாதை திறந்திருக்கிறது. பதில் வராவிட்டால் உடனே முடிவு கட்ட வேண்டாம். சில வலையமைப்புகளில் பாதுகாப்புக்காக பிங்கைத் தடுத்திருப்பார்கள். தாய்க் கணினியிலிருந்தும் அதே எண்ணுக்கு பிங் அனுப்பி, இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

6. பெயர் புரிகிறதா?

எண்ணுக்குப் பதிலாக ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்து பிங் அனுப்பலாம். எண்ணுக்குப் பதில் வந்து, பெயருக்கு வராவிட்டால் கோளாறு டிஎன்எஸ்ஸில். பெயரை எண்ணாக மாற்றித் தரும் இந்த ஏற்பாடு பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் நூலில் தனிப் பாடமாகவே இருக்கிறது.

ஒரு குழுவுக்கு இதுதான் நடந்தது. முதல் ஐந்து கேள்விக்கும் ‘ஆம்’, ஆறாவதற்கு ‘இல்லை’. முந்தைய நாள் ஆய்வகத்தில் இணையம் இல்லாததால் தாய்க் கணினியைக் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்திருந்தோம். மெய்நிகர் கணினியை முழுதாக அணைக்காமல், இருந்த நிலையிலேயே சேமித்து மூடியிருந்தார்கள். மறுநாள் தாய்க் கணினி பள்ளி வலையமைப்புக்கு வந்துவிட்டது. உள்ளே இருந்த உபுண்டுவோ பழைய டிஎன்எஸ் முகவரியையே கேட்டுக்கொண்டிருந்தது. கம்பி இணைப்பை அணைத்துப் போட்டதும் புது முகவரி வந்தது, பக்கமும் திறந்தது. நிரல்கள் அத்தனையும் பத்திரம்.

ஆறுக்கும் ‘ஆம்’ என்று வந்தும் உலாவி மட்டும் திறக்கவில்லையென்றால் இரண்டைப் பாருங்கள். ஒன்று, தாய்க் கணினியில் கொடுத்திருக்கும் ப்ராக்ஸி அமைப்பு உபுண்டுவிலும் தேவைப்படலாம். இரண்டு, தேதியும் நேரமும். சேமித்து மூடிய மெய்நிகர் கணினியின் கடிகாரம் பின்தங்கியிருந்தால், பாதுகாப்பான தளங்களின் சான்றிதழை உலாவி ஏற்க மறுக்கும்.

வகுப்பில் செய்து பார்க்க

கோளாறு தானாக வரும்வரை காத்திருக்க வேண்டாம். வகுப்புக்கு முன் ஒவ்வொரு மெய்நிகர் கணினியிலும் ‘ஸ்னாப்ஷாட்’ ஒன்றை எடுத்துவையுங்கள். எப்போது வேண்டுமானாலும் அந்த நிலைக்குத் திரும்பலாம். பிறகு குழுவுக்கு ஒரு கோளாறு வீதம் நீங்களே உண்டாக்குங்கள். ஒன்றில் ‘கேபிள் கனெக்டட்’ குறியை எடுத்துவிடலாம். இன்னொன்றில் தானியங்கி டிஎன்எஸ்ஸை நிறுத்தி, 10.0.2.99 போன்று யாரும் இல்லாத முகவரியைக் கொடுக்கலாம். மூன்றாவதில் உலாவிக்குத் தவறான ப்ராக்ஸியை இடலாம்.

மாணவர்கள் நோட்டில் மூன்று பத்தி போடட்டும்: கேட்டது, கண்டது, முடிவு. கண்டதைத் திரையில் உள்ளபடியே எழுத வேண்டும். ‘நெட் வரல’ என்பது கண்டது ஆகாது, ‘8.8.8.8 பதில் தந்தது, பெயருக்குப் பதில் இல்லை’ என்பதே கண்டது. மாற்றம் செய்யும்போதும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமல் போகும். நான் மதிப்பெண் தருவது சரிசெய்த வேகத்துக்கு அல்ல, நோட்டில் இருக்கும் வரிசைக்கு.

தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கும் இந்த வரிசை உதவும். கடன் வாங்கிக் கழித்தலில் விடை தவறினால் குழந்தை முழுக் கணக்கையும் அழித்துவிடுகிறது. அழிப்பானை எடுக்கும் முன், “ஒன்றாம் இடம் சரியா? பத்தாம் இடம் சரியா?” என்று கேட்டு, முதலில் பிசகிய இடத்தில் ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள். அங்கிருந்து மட்டும் திரும்பச் செய்தால் போதும். சரியாகச் செய்த பகுதி அப்படியே இருக்கும்.