ஈயமில்லாத் தோட்டா: விளம்பரத்தை எடைபோடும் முறை

அன்புள்ள முகிலனுக்கு,

அமெரிக்காவில் தற்காப்புக்கென விற்கப்படும் கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் ஈயம் கலக்காத புதுவகைகள் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பெருகியிருக்கின்றன. முழுச் செம்பில் கடைந்தெடுத்த குண்டுகள் உண்டு. செம்புத் தூளைப் பாலிமரோடு கலந்து அச்சில் வார்த்தவையும் உண்டு. இவற்றின் விளம்பரங்கள் பெரும்பாலும் இரண்டு செய்திகளை ஒரே மூச்சில் சொல்கின்றன: இதில் ஈய நஞ்சு இல்லை, இது பழைய தோட்டாவைவிட வலிமையானது. முதலாவது உடல்நலத்தையும் சுற்றுச்சூழலையும் பற்றியது, இரண்டாவது இயற்பியலைப் பற்றியது. ஒன்று மெய் என்பதால் மற்றதும் மெய்யாகிவிடாது. இரண்டையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்க வேண்டும்.

ஈயத்தின் கேட்டில் ஐயத்துக்கே இடமில்லை. நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்கு அமெரிக்கா 1991-இல் நாடு முழுவதும் தடை விதித்தது. கலிபோர்னியா காண்டோர் என்னும் பிணந்தின்னிப் பெருங்கழுகு 1982-இல் 22 மட்டுமே எஞ்சியிருந்தது. கூண்டில் வளர்த்து மீண்டும் காட்டில் விட்ட பிறகும், வேட்டைக்காரர்கள் விட்டுப்போன இறைச்சியில் கிடந்த ஈயத் துணுக்குகளை விழுங்கிப் பல கழுகுகள் மாண்டன. 2013-இல் இயற்றிய சட்டத்தின்படி, 2019 ஜூலை 1 முதல் கலிபோர்னியாவில் எந்த வேட்டைக்கும் ஈயத் தோட்டா கூடாது.

மனிதருக்கு நேரும் பாதிப்பு வேறு வகை. அது பெரும்பாலும் சுடும் பயிற்சிக் கூடங்களில், அதிலும் காற்றோட்டம் குறைந்த உள்ளரங்குகளில் நிகழ்கிறது. குண்டு மட்டும் அதற்குக் காரணமல்ல. தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில் வழக்கமாக லெட் ஸ்டிஃப்னேட் என்ற ஈயச் சேர்மம் இருக்கிறது. சுடும்போது அது புகையாகி மூச்சில் ஏறுகிறது. கையிலும் சட்டையிலும் படிந்து வீட்டுக் குழந்தைகள் வரை போகிறது. ஆகவே பெட்டியில் ‘ஈயமில்லாதது’ என்று அச்சிட்டிருந்தால், அது குண்டை மட்டும் குறிக்கிறதா, பிரைமரையும் சேர்த்துச் சொல்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. தற்காப்புத் தோட்டா விலை கூடியது என்பதால், 20 கொண்ட சிறு பெட்டியாக வாங்கித் துப்பாக்கியில் இட்டு வைப்பதோடு சரி. ஆயிரக்கணக்கில் சுட்டுத் தீர்ப்பது மலிவான பயிற்சித் தோட்டாதான். உடலில் ஏறும் ஈயத்தைக் குறைக்க மெய்யாகவே விரும்புபவர் முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான். ஆனால் விளம்பரத்தின் ஆரவாரமெல்லாம் சிறு பெட்டியைச் சுற்றியே நடக்கிறது.

அடுத்தது வலிமை. ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், செம்புக்கு ஏறக்குறைய 9 கிராம். எனவே அதே அளவுள்ள குண்டைச் செம்பில் செய்தால் எடை குறையும். எடையை ஈடுகட்டக் குண்டை நீட்டினால் தோட்டாவுக்குள் மருந்துக்கு இடம் போதாது. அதனால் பல நிறுவனங்கள் எடைக் குறைவை ஏற்றுக்கொண்டு வேகத்தைக் கூட்டுகின்றன. விளம்பரம் பெருஞ்சிறப்பாகக் காட்டும் வேகம், உலோகத்தை மாற்றியதன் விளைவுதான்.

9 மி.மீ. தோட்டாக்கள் இரண்டை ஒப்பிட்டால் இது விளங்கும். ஒன்று 124 கிரெயின், அதாவது 8 கிராம் எடையுள்ள வழக்கமான குண்டு. வேகம் விநாடிக்கு 350 மீட்டர். மற்றது 50 கிரெயின், அதாவது 3.2 கிராம் எடையுள்ள செம்புக் குண்டு. வேகம் விநாடிக்கு 610 மீட்டர். இயக்க ஆற்றலைக் கணக்கிட்டால் கனமானதற்கு ஏறத்தாழ 490 ஜூல், இலேசானதற்கு 600 ஜூல் வருகிறது. வேகம் வர்க்கமாகப் பெருக்கப்படுவதால் இலேசான குண்டு வெல்கிறது; பெட்டியின் மேல் அச்சாவதும் அந்த எண்தான். எடையை வேகத்தால் பெருக்கி உந்தத்தைக் கண்டால், இலேசான குண்டு கிட்டத்தட்ட 30 சதவீதம் பின்தங்குகிறது. இரண்டு கணக்கும் சரியே. எதை அச்சிடுவது என்று தேர்ந்தெடுத்ததில்தான் விற்பனை ஒளிந்திருக்கிறது. பெரிய ஆற்றல் எண், குண்டு எவ்வளவு ஆழம் போகும் என்பதைச் சொல்வதில்லை.

ஆழத்தின் முக்கியத்துவம் அமெரிக்கக் காவல்துறைக்கு உறைத்தது 1986 ஏப்ரல் 11 அன்று. மயாமியில் கொள்ளையரோடு நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இருவர் இறந்தனர், ஐவர் காயமடைந்தனர். தொடக்கத்திலேயே கொள்ளையருள் ஒருவன் மீது பாய்ந்த 9 மி.மீ. குண்டு, கையைத் துளைத்து மார்புக்குள் போய், இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் அவன் தொடர்ந்து சுட்டான். அன்றைய பிழைகள் பல. குண்டின் ஆழக்குறைவை மட்டும் குற்றம் சொல்வது முழு வரலாறு ஆகாது. எனினும் அதன் பின்னர்தான் எஃப்.பி.ஐ. ஒரு பொது அளவுகோலை வகுத்தது: 10 சதவீத ஜெலட்டின் கட்டியில் குண்டு 12 முதல் 18 அங்குலம் வரை போக வேண்டும். வெறும் கட்டியில் சுட்டால் போதாது. டி-சட்டை, பருத்திச் சட்டை, கம்பளி போன்ற ஃப்ளீஸ், டெனிம் என நான்கு அடுக்குத் துணி போர்த்தியும், எஃகுத் தகடு, ஜிப்சம் பலகை, ஒட்டுப்பலகை, சாய்த்து வைத்த கார் கண்ணாடி ஆகியவற்றினூடாகவும் சுட வேண்டும். கட்டியையே முதலில் சோதிப்பார்கள்: விநாடிக்கு 180 மீட்டர் வேகத்தில் சிறு எஃகுக் குண்டு ஒன்றைச் செலுத்தினால், அது ஏறத்தாழ 8.5 செ.மீ. ஆழத்தில் நிற்க வேண்டும். இந்தச் சரிபார்ப்பு இல்லாத சோதனையின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது.

விளம்பரக் காணொளிகளில் தர்பூசணி வெடித்துச் சிதறும். தர்பூசணியில் நீர் மிகுதி, மீள்தன்மை இல்லை. அதனால் வேகமான எந்தக் குண்டுக்கும் அது சிதறும். உடல் தசையோ பெரும்பாலும் குழியாக விரிந்து மீண்டும் சுருங்கிவிடும். கைத்துப்பாக்கி வேகத்தில் எழும் அந்த நொடிநேரக் குழியைக் காட்டி வலிமையை நிறுவ முடியாது. கண்ணாடிபோல் தெளிந்த செயற்கை ஜெல்லும் படம் பிடிக்க வசதியானது. ஆனால் அது விலங்குப் புரத ஜெலட்டினைப்போல நடந்துகொள்வதில்லை.

2014-இல் பெரும் பரபரப்போடு வந்த ஆர்.ஐ.பி. தோட்டா நல்ல எடுத்துக்காட்டு. முழுச் செம்பில் 96 கிரெயின் எடை. எட்டு இதழ்கள் உடைந்து பிரிய, அடிப்பாகம் முன்னே செல்லும். ஆக ஒன்பது காயப் பாதைகள் என்றது விளம்பரம். எண்ணிக்கை சரிதான். ஆனால் உடைந்த ஒவ்வோர் இதழும் மிக இலேசானது, ஆகவே சில அங்குலங்களுக்குள் நின்றுவிடும். ஆழம் போகும் அடிப்பாகம் விரிவதில்லை. எத்தனை பாதை என்று கேட்பதோடு, ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் என்றும் கேட்க வேண்டும்.

இதனால் ஈயமில்லாக் குண்டே ஏமாற்று என்று ஆகாது. பார்ன்ஸ் நிறுவனம் 1989-இல் வெளியிட்ட செம்பு வேட்டைக் குண்டு, உடையாமல் இதழாக விரிந்து எடையைத் தக்கவைத்ததால் பெயர் பெற்றது. அமெரிக்க ராணுவம் 2010 முதல் பயன்படுத்தும் எம்855ஏ1 ரைஃபிள் தோட்டாவின் குண்டிலும் ஈயம் இல்லை. இவற்றை நிலைநிறுத்தியது பல்லாண்டுப் பயன்பாடு.

கடைசியாக, துப்பாக்கியோடு பொருந்துவது. வழக்கத்துக்கு மாறான மூக்கு வடிவமும் குறைந்த எடையும் தானியங்கிக் கைத்துப்பாக்கியில் தோட்டா சிக்கக் காரணமாகலாம். அந்தத் துப்பாக்கியிலேயே சுட்டுப் பார்த்தால்தான் அது தெரியும். ஒரு தோட்டா இரண்டு டாலர் என்றால், 200 சுட்டுப் பார்க்க 400 டாலர் ஆகும். பலர் அதைச் செய்வதில்லை. பயிற்சி 115 கிரெயினில், இட்டு வைத்திருப்பது 50 கிரெயினில் என்றால், உதைப்பும் வேறு, குண்டு படும் இடமும் வேறு.

அன்புடன்,
மாமா