ஆறாம் வகுப்பில் திறக்கும் வாசல்

கல்வியைத் தேடுவது கடமை என்கிறது இஸ்லாம். உயர்கல்விக்கான அத்தேடல் பன்னிரண்டாம் வகுப்பில் தொடங்குவதன்று.

கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலையில் ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே பயின்றோர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டை 2020ஆம் ஆண்டில் தமிழக அரசு வழங்கியது. 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலியனவும் சேர்ந்தன. இடையில் தனியார் பள்ளிக்கு மாறினால் அவ்வுரிமை பறிபோகும்.

தமிழகப் பொறியியல் தரவரிசைக்குரிய 200 மதிப்பெண்ணில் கணிதத்திற்கே 100; இயற்பியல், வேதியியலுக்குத் தலா 50. பதினோராம் வகுப்புப் பாடப்பிரிவைத் தெரிந்தெடுக்குமுன் இக்கணக்கை மாணவர் அறிதல் வேண்டும்.

சமுதாயப் பெரியோர்களே! பிள்ளையின் பள்ளியை மாற்றுமுன் ஆசிரியரைக் கலந்து பேசுங்கள். ஏழாண்டு உரிமை ஒரு மாற்றுச் சான்றிதழால் கைநழுவலாகாது.