பழைய இன்ஜினைக் கழற்றும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

உன் மாருதி 800-க்குள் எஸ்டீமின் 1,298 சி.சி. இன்ஜினை இறக்கப் போவதாக எழுதியிருந்தாய். புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடையில் ஒரு இன்ஜின் பார்த்து வைத்திருப்பதாகவும், முன்பணம் கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தாய். இப்போதைக்குக் கொடுக்காதே. உன் ஆசையைக் குறை சொல்ல வரவில்லை. பழைய சின்ன வண்டிக்கு மறுவாழ்வு கொடுக்க நினைக்கிற பிள்ளைகளை எனக்குப் பிடிக்கும். ஆனால் இந்த வேலையில் இன்ஜின் வாங்குவது கடைசிக்கு முந்தின படி, பழையதைக் கழற்றுவது கடைசிப் படி. உன் கடிதத்தில் அவை இரண்டும் முதலில் நிற்கின்றன. அந்த வரிசையைத் திருப்பிப் போடத்தான் இதை எழுதுகிறேன். இதே ஆசையோடு இன்னும் பல பட்டறைகளில் பிள்ளைகள் நிற்பதால், எல்லோரும் படிக்கும்படி பொதுவிலேயே எழுதுகிறேன்.

இன்ஜின் இல்லாமல், மவுண்ட் அறுக்கப்பட்டு, பட்டறைக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடக்கும் கார்களை நீயும் பார்த்திருப்பாய். அவற்றில் கைவைத்தவர்கள் வெல்டிங் தெரியாதவர்கள் இல்லை. அளந்து பார்க்காமல் செயின் பிளாக்கை மாட்டியவர்கள்.

முதலில் உன் வண்டி எதற்காக வரையப்பட்டது என்று பார். 1983 டிசம்பரில் வந்த முதல் மாருதிக்குப் பிறகு, 1986-இல் உடல் மாறியது. உன்னிடம் இருப்பது அந்த உடல். ஜப்பானில் அது சுசுகி ஆல்ட்டோ. அங்கே அப்போது சின்ன வகைக் கார்களுக்கு 550 சி.சி.தான் உச்சவரம்பு. அதனால் அந்த வண்டிக்குள் இருந்தது 543 சி.சி., மூன்று சிலிண்டர். நமக்கு 796 சி.சி. ஆனபோதும் சிலிண்டர் மூன்றுதான். இன்ஜின் குறுக்கே கிடக்க, அதன் ஓரத்திலேயே கியர்பாக்ஸ் ஒட்டியிருக்கிறது. இரண்டும் சேர்ந்த நீளம்தான் இரண்டு பக்கச் சட்டங்களுக்கும் நடுவில் அடங்க வேண்டும். நான்காவது சிலிண்டர் கேட்கும் இடம் அந்த நீளத்தில்தான் வந்து விழும். கோயம்புத்தூரில் கரிவர்தன் இதே 796 சி.சி. இன்ஜினைக் கொண்டு ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைக் கட்டினார். அவர் இன்ஜினைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சுற்றிச் சட்டத்தை வரைந்தார். நீ செய்ய நினைப்பது நேர் எதிர். வேறு இன்ஜினுக்காகச் செய்த சட்டத்துக்குள் எஸ்டீம் இன்ஜினை அடக்கப் பார்க்கிறாய். உன் வேலைதான் கடினம்.

இன்ஜின் எங்கே உட்கார வேண்டும் என்பதை மவுண்ட் தீர்மானிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் அதைத் தீர்மானிப்பது ஆக்சில். கியர்பாக்ஸிலிருந்து ஆக்சில் வெளியே வரும் இடமும் சக்கர நடுவும் கூடியவரை ஒரே நேரில் இருக்க வேண்டும். இன்ஜின் ஒரு அங்குலம் முன்னே போனாலும், ஒரு பக்கமாக நகர்ந்தாலும், ஜாயிண்ட் சாய்வாகவே சுற்றும், சீக்கிரம் தேயும். சக்கரம் குழியில் இறங்கும்போது ஆக்சில் உள்ளே போய் முட்டலாம், அல்லது கழன்று வெளியே வரலாம். ஆகவே வண்டியைச் சமதளத்தில், சக்கரம் தரையில் பதிந்தபடி நிறுத்தி ஒரு தடவை அள. பிறகு ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தொங்கவிட்டு ஒரு தடவை அள. இரண்டு நிலையிலும் ஆக்சில் நீளத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எழுதி வை. ஆக்சிலுக்கு இடம் கிடைத்த பிறகுதான் மவுண்ட். மவுண்டுக்குப் பிறகு சம்ப் தரையிலிருந்து எவ்வளவு உயரம், பானெட் மூடுமா, ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் என்ன மிச்சம் என்று வரிசையாகப் பார்க்கலாம். ஆக்சில் நீளம் பற்றவில்லை என்றால் இரண்டு ஆக்சிலை அறுத்து நடுவில் வெல்டிங் வைத்துத் தரும் லேத்துகள் இருக்கின்றன. அந்தப் பக்கமே போகாதே. முறுக்கு விசை முழுவதையும் தாங்குகிற தண்டு அது.

என் யோசனை வேறு. 2000-ஆம் ஆண்டுவாக்கில் இதே 800 உடலில், அதே 796 சி.சி.யில், சிலிண்டருக்கு நான்கு வால்வும் எம்.பி.எஃப்.ஐ.யும் ஐந்து கியரும் வைத்துக் கம்பெனியே விற்றது. கார்புரேட்டர் வண்டிக்கு 37 குதிரைத்திறன், அதற்கு 45. கேட்கச் சின்ன வித்தியாசம். ஆனால் உன் வண்டி மொத்தமே 650 கிலோ அளவுதான், ஓட்டிப் பார்த்தால் தெரியும். மவுண்ட், ஆக்சில், ஹோஸ் எல்லாம் பார்ட்ஸ் எண்ணோடு உண்டு. இன்ஜினைத் தனியாக வாங்காதே. விபத்தில் அடிபட்ட, ஆனால் முன்பக்கம் கெடாத ஒரு முழு வண்டி தேடு. வயரிங்கை ஒரு கம்பிகூட அறுக்காமல் உருவி எடு. ஈ.சி.யூ., சென்சார்கள், இம்மொபிலைசர் இருந்தால் அதன் பெட்டியும் அதற்கான சாவியும், எல்லாம் அந்த ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். இன்ஜின் வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கிளட்ச் பிளேட், பின்பக்க ஆயில் சீல் ஆகியவற்றைப் புதிதாகப் போட்டுவிடு.

பெட்ரோல் பைப்பில் அலட்சியம் வேண்டாம். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் கால் கிலோ அழுத்தத்தில் போனால் போதும். எம்.பி.எஃப்.ஐ.க்கு இரண்டரை, மூன்று கிலோ வேண்டும். பழைய ரப்பர் ஹோஸும் சாதாரண கிளிப்பும் அந்த அழுத்தத்தில் கசியும், அதுவும் சூடான சைலன்சர் பைப்புக்கு மேலேயே. டேங்க் முதல் இன்ஜெக்டர் வரை அந்த அழுத்தத்துக்கென்று செய்த ஹோஸ்தான் போட வேண்டும். இதில் மிச்சம் பிடித்து ஒரு வண்டி எரிந்தால் அதற்குள் ஆள் இருப்பான்.

பிரேக்குக்கு உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. முன்னால் சின்ன டிஸ்க், பின்னால் டிரம், 12 அங்குலச் சக்கரம். அந்த ரிம்முக்குள் பெரிய டிஸ்க் நுழையாது. பிந்தைய எஸ்டீம் இன்ஜின் 80-க்கு மேல் குதிரைத்திறன் தரும், அதாவது இப்போது இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அந்த வேகத்தை நிறுத்த ரிம், ஹப், மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர் என்று முன்பக்கம் முழுவதும் மாற வேண்டும். அந்தச் செலவை இன்ஜின் விலைக்குப் பக்கத்தில் எழுதிப் பார். எடை மேடையில் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி, இப்போதைய முன்பக்க எடையையும் குறித்துக்கொள். பிறகு ஒப்பிட உதவும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. ஆர்.சி.யில் 796 என்று இருக்க, பானெட்டுக்குள் 1,298 இருந்தால் எஃப்.சி.யில் நிற்கும், விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கைவிடலாம். அதே 796 வகை என்றாலும் இன்ஜின் எண் மாறும். ஆகவே வாங்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கு. விற்பவரிடம் ரசீதும், அந்த இன்ஜின் வந்த வண்டியின் காகிதமும் கேள். தர மறுத்தால் எழுந்து வந்துவிடு. எஸ்டீம் இன்ஜின்தான் வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால், அதைத் தனியாக ஒரு பந்தய வண்டியில் கட்டு. இருங்காட்டுக்கோட்டை, செட்டிப்பாளையம் பந்தயத் தடங்களில் ஓட்டலாம். பதிவெண் போட்ட வண்டி அதற்கு வேண்டாம்.

இவ்வளவும் எழுதிய பிறகும் எனக்கு ஒன்று தெரியவில்லை. உன் பழைய இன்ஜின் உண்மையிலேயே முடிந்துவிட்டதா? புகை வருகிறது, ஏற்றத்தில் இழுக்கவில்லை என்று மட்டும் எழுதியிருக்கிறாய். இன்ஜின் சூடான பிறகு மூன்று பிளக்கையும் கழற்று, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி கம்ப்ரஷன் பார். பிறகு ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கெட்டையோ சந்தேகப்படலாம். ரிங்கோ வால்வோ மட்டும் என்றால் நம் பட்டறையிலேயே முடிகிற வேலை. ஆறு அளவுகளையும் எழுதி இந்த வாரமே அனுப்பு. அதைப் பார்த்துவிட்டுப் புதுப்பேட்டை போவதா வேண்டாமா என்று சொல்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்