6 லட்சம் பேக்கேஜில் கைக்கு வருவது எவ்வளவு?

கேள்வி: எம்.எஸ்சி. உயிர்வேதியியல் முடித்திருக்கிறேன். சேலத்தில் இருந்தபடியே வேலை பார்க்க வேண்டிய குடும்பச் சூழ்நிலை. இரண்டு இடங்களில் வேலைக்கு அழைத்திருக்கிறார்கள். ஒன்று மருந்து கம்பெனி. மெடிக்கல் ரெப் வேலை, மாதம் 26,000 ரூபாய், தினப்படியும் இன்சென்டிவும் தனி. இன்னொன்று, ரத்தப் பரிசோதனைக் கருவிகளும் ரீஏஜென்ட்டும் விற்கும் டீலர். வருடத்துக்கு 6 லட்சம் பேக்கேஜ். அதில் மாதச் சம்பளம் 24,000, வருடத்துக்கு வேரியபிள் 2,40,000, பயணச் செலவு 72,000 என்று பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். என் கல்லூரி சீனியர் ஒருவர் இதே மாதிரிக் கருவிகளை விற்று மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் வாங்குகிறார். இன்னொரு சீனியர் ஐந்து வருடமாகியும் 30,000-ஐத் தாண்டவில்லை. ஒரே வேலைக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம்? நான் எதில் சேர்வது நல்லது?
– வாசகி, சேலம்

பதில்: முதலில் அந்த 6 லட்சத்தைப் பார்ப்போம். பயணச் செலவு 72,000 உங்கள் வருமானமே இல்லை. கம்பெனி வேலைக்காக நீங்கள் பெட்ரோலுக்கும் பஸ்ஸுக்கும் கொடுத்த பணத்தைத் திருப்பித் தருகிறார்கள், அவ்வளவுதான். வேரியபிள் 2,40,000 என்பது டார்கெட்டை முழுதாக முடித்தால் வரும் பணம். முடிக்காவிட்டால் அதில் எவ்வளவு வரும் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. உங்களிடமும் அவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். இந்த இரண்டையும் கழித்தால் நிச்சயமாக வருவது வருடத்துக்கு 2,88,000. மருந்து கம்பெனி நிச்சயமாகத் தருவது 3,12,000. பெரிய தொகையாகத் தெரிந்த வேலையில்தான் உறுதியான பணம் குறைவு.

இதை வைத்து டீலர் வேலை மட்டம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உங்கள் படிப்புக்கு எதிர்காலம் அதிகம் இருப்பது அந்தப் பக்கம்தான். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் இரண்டு சீனியர்களுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தைப் பேசுவோம்.

மெடிக்கல் ரெப் நேரடியாக யாருக்கும் விற்பதில்லை. டாக்டர் எழுதுகிறார், மெடிக்கல் ஷாப் விற்கிறது, ஸ்டாக்கிஸ்ட் கம்பெனியிடம் வாங்குகிறார். கம்பெனி ஸ்டாக்கிஸ்ட்டுக்குப் போடும் பில் பிரைமரி. ஸ்டாக்கிஸ்ட்டிடமிருந்து கடைகளுக்குப் போவது செகண்டரி. இன்சென்டிவ் இந்த இரண்டில் எதன் மேல் கணக்காகிறது என்பதை வைத்தே ரெப்பின் வாழ்க்கை மாறிவிடும். பிரைமரி மேல் என்றால், மாதக் கடைசியில் ஸ்டாக்கிஸ்ட்டின் தலையில் சரக்கைக் கட்டச் சொல்லி மேனேஜர் நெருக்குவார். சில மாதம் கழித்து அது எக்ஸ்பயரியாகத் திரும்பி வரும்போது, வாங்கிய இன்சென்டிவைப் பிடித்துக்கொள்வார்கள். செகண்டரி மேல் என்றால் பணம் மெதுவாக ஏறும், ஆனால் நிற்கும்.

கருவி விற்பனையில் கணக்கே வேறு. ஒரு பயோகெமிஸ்ட்ரி அனலைசரை விற்றால் அந்த மாதம் பெரிய தொகை வரும். அதே லேப் அடுத்த ஆறேழு வருடத்துக்கு இன்னொன்று வாங்காது. இதனால்தான் பல இடங்களில் கருவியை இலவசமாக வைத்துவிட்டு, மாதம் இவ்வளவு ரீஏஜென்ட் வாங்க வேண்டும் என்று ஒப்பந்தம் போடுகிறார்கள். ரீஏஜென்ட் ரென்டல் என்பார்கள். உங்கள் ஏரியாவில் அப்படி வைக்கப்பட்ட கருவிகள் ஏற்கெனவே நிறைய இருந்து, ரீஏஜென்ட் விற்பனைக்கும் உங்களுக்கு இன்சென்டிவ் உண்டு என்றால் மாதாமாதம் வருமானம் ஓடும். ஒரு லட்சம் வாங்கும் சீனியர் அப்படிப்பட்ட ஏரியாவில் உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். 30,000-இல் நிற்பவருக்குக் காலி ஏரியாவோ, ரீஏஜென்ட்டுக்கு இன்சென்டிவ் இல்லாத ஒப்பந்தமோ கிடைத்திருக்கலாம். திறமையில் இரண்டு பேரும் ஒன்றாகவே இருக்கலாம்.

அடுத்தது டார்கெட். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாகச் சேருகிறவர்கள் ஏமாறும் இடம் இதுதான். உங்களுக்குத் தரப்போகும் ஏரியாவில் போன வருடம் 1 கோடியே 60 லட்சம் விற்பனை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 60 லட்சம் ஒரே ஆஸ்பத்திரி வாங்கிய பெரிய கருவி. இந்த வருடம் 15 சதவீதம் கூட்டி 1 கோடியே 84 லட்சம் டார்கெட் போடுவார்கள். பார்க்க நியாயமாகத் தெரியும். ஆனால் அந்த ஆஸ்பத்திரி இந்த வருடம் வாங்கப்போவதில்லை. ஏரியாவின் உண்மையான விற்பனை 1 கோடிதான். 15 சதவீதம் என்ற பெயரில் நீங்கள் 84 சதவீதம் வளர்ச்சி காட்ட வேண்டும். அதோடு, டார்கெட்டில் 80 சதவீதத்துக்குக் கீழே இன்சென்டிவே கிடையாது என்று ஒரு வரி இருந்தால், வருடம் முழுக்க ஓடி 1 கோடியே 40 லட்சம் விற்றவருக்கும் ஒரு ரூபாய் வராது. பெரிய ஆர்டரை முடித்துவிட்டு அதற்கான இன்சென்டிவோடு முன்னவர் கிளம்பிப்போன ஏரியா புதியவர் கையில் வருவது இந்தத் தொழிலில் சகஜம். போன வருட விற்பனையைக் கஸ்டமர் வாரியாகப் பிரித்துக் கேளுங்கள். தர மறுத்தால் அதிலிருந்தே விஷயம் புரிந்துவிடும்.

சேலம் ஏரியா என்றால் பெரும்பாலும் நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரியும் சேர்த்துத்தான் தருவார்கள். நான்கு மாவட்டத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல்லிலும் கிருஷ்ணகிரியிலும் 2022 ஜனவரியில் திறந்தார்கள். இதைச் சொல்லி இன்டர்வியூவில் ஆசை காட்டலாம். ஆனால் அரசு மருத்துவமனைகளுக்கான பெரிய கொள்முதல், சென்னையில் இருக்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் டெண்டர் வழியாக நடக்கிறது. கருவி தர்மபுரியில் இறங்கும், நீங்கள் போய் டெமோ காட்டுவீர்கள், விற்பனைக் கணக்கு சென்னையில் டெண்டர் பார்ப்பவர் பெயரில் ஏறும். எந்தப் பங்கு யாருக்கு என்று எழுத்தில் வாங்காவிட்டால் பின்னால் பேச முடியாது. இன்சென்டிவ் பில்லிங்குக்கா, கலெக்‌ஷனுக்கா என்ற கேள்வியும் இங்கேதான் வரும். பணம் வந்த பிறகுதான் இன்சென்டிவ் என்றால், வர வேண்டிய பணம் தள்ளிப்போகப் போக உங்கள் பணமும் தள்ளிப்போகும். நடுவில் வேலையை விட்டால் போனதுதான்.

பயணப்படி விஷயத்தில் சின்னக் கணக்கு ஒன்று. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு, இன்றைய நூறு ரூபாய்ச் சொச்சம் பெட்ரோலில், கிலோமீட்டருக்கு 2 ரூபாய் எண்ணெய்க்கே போய்விடும். டயர், சர்வீஸ், வண்டித் தேய்மானம் தனி. பழைய விலையில் போட்ட கிலோமீட்டர் ரேட்டை மாற்றாமல் வைத்திருக்கும் நிறுவனங்களில் ரெப் தன் சம்பளத்திலிருந்து எடுத்துப் போட்டுத்தான் ஏரியா பார்க்கிறார். இந்த ரேட் என்ன, வெளியூர் போய் அன்றே திரும்பினால் தரும் எக்ஸ்-ஸ்டேஷன் படியும், இரவு தங்கினால் தரும் அவுட்ஸ்டேஷன் படியும் எவ்வளவு என்று இரண்டு இடத்திலும் கேளுங்கள்.

ஒரே கருவியை விற்பவர்களுக்குள்ளும் யாருடைய ஆள் என்பதைப் பொறுத்துச் சம்பளம் மாறும். தயாரிக்கும் கம்பெனியின் நேரடி ஊழியர், டீலரின் ஊழியர், கம்பெனியின் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு ஏஜென்சியிடம் சம்பளம் வாங்குபவர் என்று மூன்று பேர் ஒரே லேபில் எதிரெதிரே நிற்பார்கள். டீலருக்குக் கிடைப்பது மார்ஜின் மட்டும். அதற்குள்தான் அவர் சம்பளம் தர வேண்டும். 20 பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் டீலருக்கு பி.எஃப். கட்டாயமும் இல்லை. அதையும் விசாரியுங்கள்.

இப்போது உங்கள் படிப்புக்கு வருகிறேன். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை, தொழில்நுட்ப, அறிவியல் பொருட்களை விற்பவர்களை மற்ற மொத்த விற்பனைப் பிரதிநிதிகளிலிருந்து பிரித்தே கணக்கெடுக்கிறது. 2024-இல் முதல் பிரிவின் இடைநிலை ஆண்டு ஊதியம் ஏறத்தாழ 1,00,000 டாலர். மற்றவர்களுக்கு 67,000-ஐ ஒட்டி. பொருளைப் புரிந்து பேசுவதற்குத் தனி விலை உண்டு என்பதுதான் இதன் பொருள். நம் ஊரிலும் அது உண்டு, ஆனால் தானாக வராது. சேலம் ஐந்து ரோட்டில் ஒரு லேபுக்குள் போகிறீர்கள். கிரியேட்டினின் கன்ட்ரோல் மூன்று நாளாக மேலேயே போகிறது என்று லேப் இன்சார்ஜ் சொல்கிறார். மற்ற ரெப் என்றால் சர்வீஸுக்குப் போன் போடுகிறேன் என்பார். நீங்கள் லாட் மாறியதா, மாறிய பிறகு கேலிபரேஷன் செய்தீர்களா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, லேம்ப் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று கேட்பீர்கள். அடுத்த முறை ரீஏஜென்ட் மாற்றும் பேச்சு வரும்போது அந்த இன்சார்ஜ் உங்களைத்தான் கூப்பிடுவார். பிறகு அப்ளிகேஷன் ஸ்பெஷலிஸ்ட்டாகவோ, கம்பெனியின் நேரடி ரோலுக்கோ போகும் வழியும் அதுதான். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் ரசாயனம் விற்பவர்கள், திருப்பூரில் சாயம் விற்பவர்கள், நாமக்கல்லில் கோழித் தடுப்பூசி விற்பவர்கள் விஷயத்திலும் இதே கதைதான். பிரச்சினையைத் தீர்த்துக் கொடுப்பவர்தான் மேலே போகிறார்.

சட்டத்தைப் பற்றியும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். விற்பனை மேம்பாட்டு ஊழியர்களுக்கான 1976 சட்டம் முதலில் மருந்துத் துறைக்கு வந்தது. 2011-இல் அறுவைசிகிச்சைக் கருவிகள், நோயறிதல் பொருட்கள் உள்ளிட்ட வேறு துறைகளுக்கும் நீட்டினார்கள். 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், விற்பனை மேம்பாட்டு ஊழியரைத் தொழிலாளர் என்ற வரையறைக்குள்ளேயே சேர்த்திருக்கின்றன. நியமனக் கடிதம் உங்கள் உரிமை. வேலையை விட்டால் இரண்டு வேலை நாளுக்குள் ஊதியப் பாக்கியைத் தர வேண்டும். ஆனால் ஊதியம் என்ற வரையறையில் கமிஷன் பொதுவாகச் சேராது. விலக்கப்பட்ட தொகைகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டும் ஊதியமாகக் கணக்காகும். அதனால் இன்சென்டிவ் பாக்கிக்கு உங்களைக் காப்பாற்றப்போவது நீங்கள் எழுதி வாங்கும் காகிதம்தான்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். டீலரிடம் இன்சென்டிவ் திட்டத்தை எழுத்தில் கேளுங்கள். அதில் டார்கெட், எந்தச் சதவீதத்திலிருந்து கணக்கு தொடங்கும், ரீஏஜென்ட்டுக்குப் பங்கு உண்டா, பில்லிங்கா கலெக்‌ஷனா, வேலையை விட்டால் பாக்கி என்ன ஆகும் என்பதெல்லாம் இருக்க வேண்டும். பயணச் செலவைப் பேக்கேஜிலிருந்து நீக்கி, நிச்சயச் சம்பளத்தை 26,000 ஆக்கச் சொல்லுங்கள். ஒப்புக்கொண்டால் அங்கே சேருங்கள். எழுத்தில் தர முடியாது, எல்லாம் பார்த்துக்கலாம் என்று சொன்னால் மருந்து கம்பெனியில் சேருங்கள். இரண்டு வருடத்தில் அந்த நான்கு மாவட்ட டாக்டர்களும் ஆஸ்பத்திரிகளும் உங்களுக்குப் பழக்கமாகிவிடுவார்கள். அதற்குப் பிறகு கருவி கம்பெனியின் நேரடி ரோலுக்கு விண்ணப்பியுங்கள். எங்கே சேர்ந்தாலும் வீட்டுச் செலவை நிச்சயச் சம்பளத்துக்குள் வையுங்கள். இன்சென்டிவை நம்பி இ.எம்.ஐ. எதுவும் போடாதீர்கள்.